ஒரே ஒரு நாலு

அத்தியாயம் ஒன்பது

"எனக்கு அடிச்சது வெறும் அதிர்ஷ்டம்தான்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்."

வந்தவள் இதைச் சொல்லிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

பால்ராஜ் வாயிலிருந்த பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், சைக்கிள் கடை மாடியில், சாமுண்டீஸ்வரி துப்பறியும் நிலையம் திறந்து நான்கு வருடம் ஆகிறது. ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடச் சொல்லி வந்திருக்கிறார்கள். காணாமல் போன பத்திரத்தைத் தேடச் சொல்லி வந்திருக்கிறார்கள். அதிர்ஷ்டத்தை நிரூபிக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

"அதிர்ஷ்டம் அட்ச்சவங்க கோயிலுக்குப் போவாங்க. நீ இன்னாம்மா இங்க வந்துகீறே?" என்றான்.

"கோயிலுக்கும் போனேன். அங்கேயும் என்னைப் பார்த்துக் குசுகுசுன்னு பேசுறாங்க."

சாமுண்டீஸ்வரி பேனாவை மூடிவைத்தாள். ஐம்பது வயது. ஒரு பல்பு தொழிற்சாலையில் இருபது வருடம் தரப் பரிசோதகராக இருந்தவள். ஆயிரம் பல்பில் இருபதை எடுத்துப் பார்த்து, மீதி எப்படி இருக்கும் என்று சொல்வது அவள் வேலை. வேலையை விட்ட பிறகும் பார்வை மாறவில்லை. எதிரே இருப்பவர் மனிதரானாலும் பல்பானாலும், எரிகிற வரைக்கும் சந்தேகம்தான்.

"முதல்ல இருந்து சொல்லுங்க."

பெயர் நாகவல்லி. சங்கரன்கோவில் பக்கம். புருஷன் அய்யாசாமிக்கு ஆவடியில் ராணுவ வண்டித் தொழிற்சாலையில் வேலை. பத்து வருடமாகக் குவார்ட்டர்ஸில் குடித்தனம். எட்டு வயதில் ஒரு பெண். இந்த வருடம் தைப் பொங்கலுக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் பார்த்தசாரதி பாத்திர மாளிகையில் ஒரு பிரஷர் குக்கர் வாங்கினாள். அதோடு ஒரு அதிர்ஷ்டக் கார்டு கொடுத்தார்கள். மொத்தம் ஆயிரம் கார்டு. 000 முதல் 999 வரை. ஞாயிறுதோறும் மாலை கடை வாசலில் குலுக்கல். நாகவல்லியின் எண் 447. ஏழாவது வாரம் அந்த எண்ணுக்கு மிக்ஸி விழுந்தது. பத்தொன்பதாவது வாரம் அதே எண்ணுக்குத் தையல் மெஷின்.

"ரெண்டாவது தடவை மைக்ல கடை மேனேஜர் சம்பத், 'மறுபடியும் இந்தம்மாவா'ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பை வச்சே ஊர் கதை கட்டிட்டு. அவருக்கும் எனக்கும் ஏதோ இருக்காம். அதனாலதான் பரிசு தேடி வருதாம்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லை. பேச்சையே நிறுத்திட்டார். தையல் மெஷினைச் சாக்குத் துணியில சுத்திப் பரண்ல ஏத்திட்டார். இப்போ எங்க அண்ணனுக்குத் தந்தி குடுத்திருக்கார். தீபாவளிக்கு முந்தின நாள் வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணுமாம். பொண்ணு இங்கேயே இருக்கணுமாம்."

கடைசி வாக்கியத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் வழுக்கியது.

"சம்பத்தை உங்களுக்கு எவ்வளவு பழக்கம்?" சாமுண்டீஸ்வரி கேட்டாள்.

"கார்டு எழுதிக் குடுத்தார். ரெண்டு தடவை பரிசு குடுத்தார். ஆக மூணு தடவை பார்த்திருக்கேன்."

"விசாரிப்பேன். அது அதிர்ஷ்டம் இல்லைன்னு தெரிஞ்சா அதையும் உங்க முகத்துக்கு நேரா சொல்லுவேன். சம்மதமா?"

நாகவல்லி அவளை நேராகப் பார்த்தாள். "சொல்லுங்க. இப்போ எல்லாரும் முதுகுக்குப் பின்னாடிதானே சொல்றாங்க."

*

மறுநாள் காலை அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடிக்கும்போதே பால்ராஜ் தீர்ப்பு எழுதிவிட்டான்.

"மேடம், ஆயிரம் கார்டு. ஒரே கார்டுக்கு ரெண்டு வாட்டி. நான் பதினோரு வருசம் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன். இது அதிர்ஷ்டம்னா நான் டிப்போ மேனேஜரு."

செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் வாய் கொடுத்து கண்டக்டர் வேலையைத் தொலைத்தவன் அவன். வேலைதான் போனதே ஒழிய வாய் போகவில்லை.

"ஒரு பந்தயம் வச்சுக்கலாமா?" என்றாள் சாமுண்டீஸ்வரி. "இந்த ரோட்டுல போற வண்டிகளோட நம்பர்ல கடைசி ரெண்டு எண்ணை எழுதுங்க. இருபது வண்டி தாண்டறதுக்குள்ள ஏதாவது ரெண்டு வண்டிக்கு ஒரே எண் வரும்."

"மொத்தம் நூறு எண் கீது. இருபது வண்டில எப்டி மேடம் வரும்?"

"வரலைன்னா உங்க டீ இந்த மாசம் முழுக்க என் கணக்கு. வந்தா மழைக்காலம் முடியற வரைக்கும் என் குடையை நீங்க தூக்கணும்."

பால்ராஜ் சிகரெட் அட்டையைக் கிழித்து எழுத ஆரம்பித்தான். பஸ், டெம்போ, பால் வண்டி, ஸ்கூட்டர். பதினைந்து வண்டி போயிற்று. டீக்கு அவன் மனதுக்குள் பட்டர் பிஸ்கட்டும் சேர்த்துக்கொண்டிருந்தபோது பதினாறாவதாக ஒரு செங்கல் லாரி வந்தது. முடிவு 38. ஐந்தாவதாகப் போன பால் வண்டியும் 38.

லாரியை அவன் சந்தேகமாகப் பார்த்தான். "டிரைவர் உங்களுக்குச் சொந்தமா மேடம்?"

"38 ரெண்டு தடவை வரும்னு நான் சொல்லலை. ஏதோ ஒரு எண் ரெண்டு தடவை வரும்னு சொன்னேன். ஒவ்வொரு புது வண்டியும் அதுக்கு முன்னாடி போன எல்லா வண்டியோடவும் பொருந்திப் பார்க்குது இல்லையா? அதனால சீக்கிரம் மாட்டிக்கும். குலுக்கலும் அப்படித்தான். ஆயிரம் கார்டு, பத்தொன்பது வாரம். அதுல ஏதாவது ஒரு கார்டு ரெண்டு தடவை ஜெயிக்கிறதுக்கு வாய்ப்பு ஏறக்குறைய ஆறுல ஒண்ணு. லூடோ கட்டையை உருட்டறப்போ ஆறு விழற மாதிரி. அதுக்கு யாரும் போலீசைக் கூப்பிடறதில்லை."

"அப்ப அந்தம்மா மேல தப்பு இல்ல."

"அப்படியும் சொல்லலை. நடக்கக்கூடியதுதான்னு சொன்னேன். நேர்மையா நடந்ததான்னு இனிமேதான் பார்க்கணும். குடையைப் பிடிங்க."

*

பாத்திர மாளிகையில் தீபாவளிக் கூட்டம். வாசலில் மாலை போட்ட ஸ்கூட்டர் ஒன்று நின்றது. வரும் ஞாயிறு, நாற்பத்தொன்றாவது வாரம், தீபாவளிச் சிறப்புப் பரிசு அதுதான்.

முதலாளி பார்த்தசாரதி, துப்பறியும் நிலையம் என்ற சொல்லைக் கேட்டதும் இருவரையும் அண்டா அடுக்குகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"மெதுவா பேசுங்கம்மா. இந்தப் பேச்சு அடங்கி இப்போதான் வியாபாரம் நிமிர்ந்திருக்கு."

முதல் இருபத்திரண்டு வாரம் குலுக்கல் எப்படி நடந்தது என்று அவரே சொன்னார். ஒரு செப்புக் குடம். உள்ளே பத்து மர வில்லைகள், எட்டணா அகலம், பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதியவை. கூட்டத்திலிருந்து ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த எண்ணைக் காட்டிவிட்டு வில்லையைத் திரும்பக் குடத்தில் போட்டுக் குலுக்கி, மறுபடி எடுப்பார்கள். மூன்று தடவை எடுத்தால் மூன்று இலக்கம். குடம் மேனேஜர் சம்பத்தின் பொறுப்பில் இருந்தது.

"அப்புறம் ரெண்டு மொட்டைக் கடுதாசி வந்தது. சம்பத்தையும் அந்தம்மாவையும் சேர்த்து. கடையைக் கொளுத்துவோம்னு ஒண்ணுல எழுதியிருந்தது. நான் ஆடிப்போயிட்டேன். நல்லவேளை, கஜபதி சார் முன்வந்தார். வாடிக்கையாளர் கண்காணிப்புக் கமிட்டின்னு ஒண்ணு அமைச்சு, குலுக்கலை அவரே ஏத்துக்கிட்டார்."

பெயரைச் சொன்னதும் ஆள் வந்து நின்றார். ஓய்வுபெற்ற ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் கஜபதி. நெற்றியில் பளிச்சென்று திருநீறு. புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான்.

"குழந்தைகளை நம்பறதுக்கில்லைம்மா. மிட்டாய் குடுத்தா எதையும் செய்யும். இப்போ நானே எடுக்கறேன். எடுத்த வில்லையை முதலாளி கையில குடுக்கறேன், அவர் எல்லாருக்கும் காட்டிட்டுக் குடத்துல போடறார். முடிஞ்சதும் குடத்தைப் பூட்டி என் வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன். சம்பத் நிழல்கூட அதுமேல படாது."

பால்ராஜுக்கு அவரைப் பார்த்ததும் தானாகவே கை குவிந்தது. இப்படி நாலு ஆள் டிப்போவில் இருந்திருந்தால் தனக்கு வேலை போயிருக்காது என்று நினைத்துக்கொண்டான்.

சம்பத் வேறு மாதிரி. முப்பது வயது இருக்கும். நாகவல்லி பெயரைக் கேட்டவுடன் கையிலிருந்த எவர்சில்வர் தட்டுகளை இறக்கி வைத்தான். ஒன்று நழுவி உருண்டு ஓடியது.

"அந்தம்மாவைப் பத்தி நான் எதுவும் பேசறதில்லைங்க. பேசினா அதுக்கும் ஒரு அர்த்தம் சொல்லுவாங்க."

பிறகு உருண்ட தட்டைத் தேடிப் போனவன் திரும்பி வரவே இல்லை.

"திருட்டு முழி மேடம்," என்றான் பால்ராஜ்.

சாமுண்டீஸ்வரி கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நாற்பது வாரத்து வெற்றி எண்களையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

*

மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் பால்ராஜ் குடையைப் பிடித்தபடி பாதி நனைந்து நின்றான். சாமுண்டீஸ்வரி நோட்டை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பதினோரு வருஷம் நம்பரோட வாழ்ந்தவர் நீங்க. இந்தப் பட்டியல்ல எதைக் காணோம்?"

பால்ராஜ் மேலிருந்து கீழாக ஒரு தடவை ஓடினான். பிறகு கீழிருந்து மேலாக. கடைசியில் அவன் விரல் நடுவில் ஒரு இடத்தில் நின்றது.

"டபுள் நம்பர் மேடம். காலேஜ் பசங்க டிக்கெட்ல ஒரே எண் ரெண்டு வாட்டி வந்தா ராசின்னு பர்ஸ்ல வச்சுக்குவாங்க. இங்க மேல பாருங்க. 303, 447, 889, 151, மறுக்கா 447, 660. ஆறு கீது. இருபத்திரண்டாவது வாரத்துக்குக் கீழ ஒண்ணுகூட இல்ல."

"கமிட்டி வந்தது எப்போ?"

"இருபத்திமூணாவது வாரம்." அவன் குரல் தணிந்தது.

"மூணு இலக்கம் எடுத்தா, ஏதாவது ஒரு எண் திரும்ப வர்றது நூத்துக்கு இருபத்தெட்டு தடவை நடக்கும். அதாவது மாசத்துக்கு ஒண்ணு. முதல் இருபத்திரண்டு வாரத்துல ஆறு வந்திருக்கு, கணக்கு சரி. அப்புறம் பதினெட்டு வாரமா ஒண்ணுகூட வரலை. அப்படித் தானா நடக்கறதுக்கு வாய்ப்பு முந்நூத்து எழுபதுல ஒண்ணு."

"அந்தம்மாவுது ஆறுல ஒண்ணு, ஊரே வாய்ல போட்டு மெல்லுது. இது முந்நூத்து எழுபதுல ஒண்ணு, ஒருத்தரும் வாயைத் தொறக்கலையே."

"ஜெயிச்சவங்க முகம் கண்ணுல படும். வராத எண் யார் கண்ணுல படும்?"

"அப்ப திருட்டுதான்."

"இன்னும் சந்தேகம்தான். முந்நூத்து எழுபதுல ஒண்ணும் என்னைக்காவது நடக்கும். இந்தச் சந்தேகத்துக்குக் கை கால் வேணும். வில்லையைக் கடைஞ்சது யாருன்னு கேட்டுட்டு வாங்க."

*

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்வரிசையில் ராமனின் மரக் கடைசல் பட்டறை. கதவுப் பிடி, கட்டில் கால், பம்பரம் எல்லாம் அங்கே உருண்டு வெளியே வரும். ராமன் மரத்தூளைத் தலையிலிருந்து தட்டியபடி பில் புத்தகத்தைப் புரட்டினார்.

"பாத்திரக் கடைக்குத்தானே? ரெண்டு செட்டு போட்டுக் குடுத்தேன். தை மாசம் ஒண்ணு. ஆனி மாசம் ஒண்ணு. தொலைஞ்சா மாத்தறதுக்குன்னு சொன்னாங்க."

பால்ராஜ் பாக்கைத் துப்பிவிட்டு நெருங்கி வந்தான். சாமுண்டீஸ்வரி சாதாரணமாகக் கேட்டாள். "ரெண்டாவது செட்டுல எத்தனை வில்லை? ஏதாவது எண்ணுக்கு ரெண்டு கேட்டாங்களா?"

"இல்லம்மா. பூஜ்யத்துல இருந்து ஒன்பது வரைக்கும், எண்ணுக்கு ஒண்ணு. பத்தே பத்து."

"வாங்கினது யாரு?"

ராமன் பில்லைத் திருப்பிக் காட்டினார். ஜூலை முதல் தேதி. வாங்கியவர்: சம்பத், மேனேஜர்.

வெளியே வந்ததும் பால்ராஜ் பேசவில்லை. அது நடக்காத காரியம் என்பதால் சாமுண்டீஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா மேடம் சொல்றது. கமிட்டி ஆரம்பிச்சது ஜூலை மூணாந்தேதி ஞாயித்துக்கெழமை. குடம் கையை விட்டுப் போப்போவுதுன்னு தெரிஞ்சு, ரெண்டு நாள் முன்னாடி கள்ள செட்டு வாங்கி வச்சிருக்கான் அந்தச் சம்பத்து. அப்ப ஊர்ல பேசறது பொய் இல்ல. அவன் பிராடுன்னா, அந்தம்மா?" அவன் குடையை இன்னொரு கைக்கு மாற்றினான். "அது கண்ணைப் பார்த்து நான் நம்பிட்டேன் மேடம். பொண்ணை விட்டுட்டுப் போவணும்னு சொன்னப்போ சந்தேகமே வரல."

"பில்லை நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அதனாலதான் சொல்றேன்."

"ம்," என்றாள் சாமுண்டீஸ்வரி. திரும்பவும் பட்டறைக்குள் போய் ராமனிடம் இரண்டு நிமிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள். பிறகு பால்ராஜுக்கு ஒரு வேலை கொடுத்தாள்: ஞாயிறு மாலை அய்யாசாமியைக் கடை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும்.

தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் விட்டு வந்த அய்யாசாமி, மனைவியின் பெயரைக் கேட்டதும் சைக்கிளைத் திருப்பினான். பால்ராஜ் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாத்தே, உன் சம்சாரம் தப்பா சரியான்னு ஞாயித்துக்கெழமை அஞ்சு மணிக்குத் தெரிஞ்சுடும். தப்புன்னா நீ சொன்னது சரின்னு தலை நிமிந்து போலாம். வந்து பாரு."

சரி என்று தெரிந்தால் என்ன செய்வது என்று அய்யாசாமி கேட்கவில்லை. பால்ராஜுக்கு அதுதான் உறுத்தியது.

*

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கடை வாசலில் ஐந்நூறு பேருக்குக் குறையாது. குவார்ட்டர்ஸ் பெண்கள் ஒரு பக்கம் கூட்டமாக நின்றார்கள். அவர்களிடமிருந்து நாலடி தள்ளி நாகவல்லி தனியாக நின்றாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், சைக்கிளை விட்டு இறங்காமல் அய்யாசாமி.

சம்பத் மைக்கில் பரிசை அறிவித்தான். கஜபதி பூட்டிய பெட்டியைத் திறந்து குடத்தை எடுத்தார். தலைகீழாகக் கவிழ்த்து, பத்து வில்லையையும் மேசையில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். கூட்டம் எண்ணிப் பார்த்துத் திருப்தியடைந்தது. வில்லைகளைத் திரும்ப உள்ளே போட்டார். பால்ராஜ் சம்பத்தின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையில் மைக்; இன்னொரு கையில் மைக்கின் வயர். அவன் குடத்துக்குப் பத்தடி தள்ளி நின்றான்.

கஜபதி கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டார். எடுத்தார். முதலாளி வாங்கிக் காட்டினார். ஐந்து. வில்லை குடத்துக்குள் போனது. குலுக்கினார்கள். அடுத்தது பூஜ்யம். அதுவும் உள்ளே போனது. மூன்றாவது எட்டு.

"508," என்றான் சம்பத் மைக்கில். கொரட்டூர்க்காரர் ஒருவர் கார்டைத் தூக்கிக் காட்டியபடி முன்னால் வந்தார். வந்த வேகத்துக்கு முகத்தில் சந்தோஷம் போதவில்லை என்று பால்ராஜுக்குப் பட்டது.

கஜபதி குடத்தைப் பெட்டிக்குள் வைக்கப்போனார்.

"ஒரு நிமிஷம்." சாமுண்டீஸ்வரி மேடை ஏறியிருந்தாள். "கவிழ்த்துக் காட்டினது குலுக்கலுக்கு முன்னாடி. இப்போ இன்னொரு தடவை காட்டுங்க."

"குலுக்கல் முடிஞ்சதும் குடத்தைப் பூட்டணும். அதுதான் விதி," என்றார் கஜபதி.

"விதி எழுதினது யாரு?"

"நான்தான்."

சாமுண்டீஸ்வரி கூட்டத்தைப் பார்த்தாள். "குடத்துக்குள்ள இப்போ எத்தனை வில்லை இருக்கணும்?"

"பத்து," என்றது கூட்டம். எடுத்ததையெல்லாம் திரும்பப் போட்டாயிற்று. பிறகு எத்தனை இருக்கும்?

கஜபதியின் இரண்டு கைகளும் குடத்தின் கழுத்தை இறுக்கின. பால்ராஜ் நடுவில் புகுந்தான்.

"பெரியவரே, எறங்கற ஸ்டாப்பு வந்துடுச்சு. லக்கேஜைக் குடுங்க."

நெரிசல் பஸ்ஸில் பதினோரு வருடம் பழகிய கை. குடம் அவனிடம் வந்துவிட்டது. மேசைமேல் கவிழ்த்தான்.

வில்லைகள் உருண்டு அடங்கின. பார்த்தசாரதி ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். பத்துக்கு வந்ததும் விரல் நின்றது. மேசையில் இன்னும் மூன்று மிச்சம் இருந்தன. ஐந்து இரண்டு. பூஜ்யம் இரண்டு. எட்டு இரண்டு.

கூட்டத்தில் சத்தமே இல்லை.

"யாரோ உள்ளே போட்டிருக்காங்க," என்றார் கஜபதி. "சம்பத் வேலையா இருக்கும். கள்ள செட்டு அவன்தான் வாங்கியிருக்கான், பில்லு இருக்கு."

"பில்லைப் பத்தி உங்ககிட்ட யாரும் இன்னும் சொல்லலையே," என்றாள் சாமுண்டீஸ்வரி.

கஜபதி பெட்டியை இழுத்து மூடினார். அவள் அவர் பக்கமே திரும்பாமல், முன்வரிசையில் மரத்தூள் படிந்த சட்டையோடு நின்றவரைப் பார்த்துத் தலையசைத்தாள். ராமன் கையை நீட்டினார்.

"இவருதாம்மா ஆனி மாசம் வந்து வாங்கினது. பேரு சம்பத்துன்னு எழுதச் சொன்னாரு. மைக் புடிச்சிருக்கிற அந்தப் புள்ளையை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

பால்ராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. பில்லில் சம்பத்தின் பெயர் இருந்தது, சம்பத் இல்லை. குடம் யார் கைக்கு வரப்போகிறதோ அவருக்குத்தான் கள்ள செட்டு தேவை. குடத்தை ஏற்கெனவே கையில் வைத்திருந்தவனுக்கு எதற்கு?

"சட்டைக் கையை மடிச்சு விடுங்க," என்றாள் சாமுண்டீஸ்வரி.

கஜபதி அசையவில்லை. மேடையோரம் பந்தோபஸ்துக்கு நின்ற ஏட்டு மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். உள்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு பை தைத்திருந்தது.

"கையைக் குடத்துக்குள்ள விட்டாலும் வில்லை வர்றது சட்டைக்குள்ளேயிருந்து," சாமுண்டீஸ்வரி மைக் இல்லாமலே பேசினாள். அந்த அமைதியில் அது தேவைப்படவில்லை. "முதலாளி அதை வாங்கி நல்ல மனசோட குடத்துல போடறார். வீட்டுக்குப் போய் மூணையும் பொறுக்கி எடுத்துடலாம். இவருக்கு ஒரே ஒரு தொந்தரவு. கள்ள செட்டுல ஒரே ஒரு நாலு. ஒரே ஒரு மூணு. 447 மாதிரி ஒரு எண்ணை இவரால எடுக்கவே முடியாது. அதனாலதான் பதினெட்டு வாரமா எந்த எண்ணும் ரெண்டு தடவை வரலை. இவர் வீட்டுல போய்ப் பாருங்க, மீதி ஏழு வில்லை இருக்கும். ஐந்து, பூஜ்யம், எட்டு மட்டும் இருக்காது."

கொரட்டூர்க்காரர் கார்டைக் கீழே இறக்கினார். "பரிசோட பாதி விலையை முன்கூட்டியே வாங்கிட்டார் சார்," என்றார் ஏட்டிடம், தானாகவே. "எல்லார்கிட்டயும் அப்படித்தான் வாங்கினாராம்."

"அந்த மொட்டைக் கடுதாசி?" பார்த்தசாரதி கேட்டார்.

"அது இல்லாம குடம் இவர் கைக்கு எப்படி வரும்? குழந்தைங்க எடுத்த வரைக்கும் குலுக்கல் சுத்தமா நடந்தது. ஒரு பொம்பளை ரெண்டு தடவை ஜெயிச்சா. அது அதிர்ஷ்டம். அதை அசிங்கமாக்கி ஊருக்குக் குடுத்தார். ஊரும் வாங்கிக்கிச்சு."

குவார்ட்டர்ஸ் பெண்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள். ஏட்டு கஜபதியை ஜீப்புக்கு அழைத்துப் போனார். போகும்போதும் அவர் சட்டைப் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டே போனார்.

அய்யாசாமி சைக்கிளை ரோட்டோரம் சாய்த்துவிட்டுக் கூட்டத்தை விலக்கி வந்தான். நாகவல்லிக்கு எதிரே நின்றான். என்ன பேசுவது என்று அவன் கைகளுக்கும் தெரியவில்லை. அவை ஒன்றையொன்று பிசைந்தன.

"வா, வீட்டுக்குப் போவோம். அண்ணனுக்கு வரவேண்டாம்னு தந்தி குடுத்துடறேன்."

நாகவல்லி நகரவில்லை. "குடத்துல பத்து வில்லைதான் இருந்திருந்தா?"

அவன் விழித்தான்.

"அந்தம்மா கணக்குப் போட்டாங்க. பட்டறைக்குப் போனாங்க. குடத்தைக் கவுத்துக் காட்டினாங்க. அதுக்கப்புறம் நம்பறீங்க. பத்துதான் இருந்திருந்தா நாளைக்கு என்னை ரயிலேத்தியிருப்பீங்க. பத்து வருசமா உங்ககூட இருந்தேனே, அது எந்தக் கணக்குல வரும்?"

அய்யாசாமி சைக்கிள் நின்ற பக்கம் பார்த்தான். சாமுண்டீஸ்வரி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"என்னைப் பத்திப் பேசினவங்க எல்லாரும் இங்கேதான் நிக்கிறாங்க," என்றாள் நாகவல்லி.

அவன் சுற்றிலும் பார்த்தான். கேண்டீனில் கூட உட்காருகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கடையில் பொருள் வாங்க வந்த யார் யாரோ. பிறகு மெல்ல மேடை ஏறினான். மைக் இன்னும் சம்பத் கையில்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பத் மைக்கை நீட்டினான். வாங்கும்போது அய்யாசாமி அவன் கையைச் சேர்த்துப் பிடித்து, ஒரு கணம் விடாமல் நின்றான்.

"என் பேரு அய்யாசாமி," என்றான். மைக் கீச்சிட்டது. "நான் நாகவல்லி வீட்டுக்காரன். நாலு மாசமா நான் என் சம்சாரத்தை..."

மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். தப்பு என் மேல என்றான். அவள் மேல ஒண்ணும் இல்லை என்றான். இரண்டையும் அவன் தன் செருப்பைப் பார்த்தே சொன்னான்.

நாகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றாள். "பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலை."